மாமியிடம் மூன்று, அம்மாவிடம் ஒன்று

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணியளவில், வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் ஒரு கண்ணாடித்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் வலது கைப் பெருவிரல் தானாகத் துடிக்கத் தொடங்கியது. இடது கையால் பிடித்துப் பார்த்தேன். நிற்கவில்லை.

2. துடிப்பு மணிக்கட்டுக்கு ஏறியது, பிறகு முழங்கைக்கு. அதற்குப் பிறகு நடந்தவை கேள்விப்பட்டவை: கதிரையோடு சரிந்தேன், நாலு நிமிடம் வலிப்பு வந்தது, நாக்கைக் கடித்தேன், உடுப்பு நனைந்தது.

3. மன்னாரில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். அடுத்த நாள் அம்புலன்ஸில் யாழ்ப்பாணம்.

4. ஸ்கானில் மூளையின் இடது பக்கம் ஒரு வளையம் தெரிந்தது. குறுக்களவு ஒன்பது மில்லிமீற்றர். சுற்றிவர வீக்கம்.

5. ஆறு நாட்கள் அது காசநோய்க் கட்டியாக இருந்தது.

6. ஏழாம் நாள் அது புழுவானது.

7. எட்டாம் நாள் நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ரெலிபோன் எடுத்து ஒரு பெயரைச் சொன்னேன்.

ஒன்று முதல் ஆறு வரை எனக்கு நடந்தவை. ஏழாவது நான் செய்தது. இதை எழுதுவது ஏழாவதுக்காகத்தான், ஆனால் மற்றவற்றைச் சொல்லாமல் அது விளங்காது.

எனக்கு இருபத்தாறு வயது. மன்னார் நகரில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளர். இரத்தம், சிறுநீர், சளி, மலம் என்று வருகிற எல்லாவற்றையும் பார்த்து, இருக்கிறது அல்லது இல்லை என்று எழுதிக் கொடுப்பது வேலை. வீடு தீவின் கரையில், தோட்டவெளியிலிருந்து கொஞ்சத் தூரம். அப்பா நண்டு வலை போடுகிறவர். ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள் மூன்று பேர். மற்றதில் அப்பாவின் அக்கா பிலோமினா மாமியும், அவருடைய நாலு வயதுப் பேத்தி ஆன்ரியாவும். ஆன்ரியாவின் தாய் வெளிநாட்டில் வேலை. மாமி விடிய முன்னமே எழும்பி இடியப்பம் அவித்து, சம்பலோடு பொதி கட்டி, நகரத்துக் கடைகளுக்குக் கொண்டுபோவார். அவர் திரும்பி வரும்வரை ஆன்ரியாவை வைத்திருந்து, சோறு குழைத்து வாயில் தீத்துவது அம்மா.

காசநோய் என்று சொன்ன ஆறு நாட்களைப் பற்றி எனக்கு நல்ல நினைவுகள் இல்லை. கட்டிலை மூலைக்கு இழுத்தார்கள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. சளி கேட்டார்கள், என்னிடம் சளி இல்லை. இல்லாத சளிக்காகக் காலையில் இருமிக் காட்டச் சொன்னார்கள். முன்கையில் ஒரு ஊசி போட்டுவிட்டு மூன்று நாளைக்கு அந்த இடத்தை அளந்தார்கள். ஒரு தாதி என் தண்ணீர்ப் போத்தலைக் கடதாசியால் பிடித்து நகர்த்தினார். அடுத்த கட்டிலில் இருந்த நறுவிலிக்குளத்து அக்கா, வயல் வேலை செய்கிறவர், ஆறு நாளும் மற்றப் பக்கம் திரும்பியே படுத்தார். நானும் அவரோடு கதைக்கவில்லை. முதுகோடு என்ன கதைப்பது?

ஏழாம் நாள், வேறு வகை ஸ்கான் ஒன்றின் படத்தோடு நரம்பியல் வைத்தியர் வந்தார். பின்னால் ஏழெட்டு மாணவர்கள்.

"வளையத்துக்குள்ள ஒரு புள்ளி தெரியுது," என்றார். "அது புழுவின்ர தலை. பண்டி சாப்பிடுவீங்களோ?"

"இல்லை டொக்டர்."

"ஒருக்காவும்?"

"ஏழு வயசில விட்டனான்."

மாணவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கினார். நான் பொய் சொல்லுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். வைத்தியர் அவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"அவ சொல்லுறது உண்மையா இருக்கும். எதில இருந்து வந்தது எண்டு கேக்காதேங்கோ. ஆரிட்ட இருந்து வந்தது எண்டு கேளுங்கோ."

இந்த இடத்தில்தான் ஆட்கள் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். எனக்கே பரீட்சைக்குப் படித்தது பாதி மறந்திருந்தது. புழு பிடித்த பன்றியின் இறைச்சிக்குள் சவ்வரிசி அளவில் வெள்ளைப் பைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குஞ்சுப் புழு. அரைவேக்காட்டில் அதைச் சாப்பிட்டவரின் குடலில் நாடாப்புழு வளரும், இரண்டு மூன்று மீற்றர் நீளத்துக்கு. வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் அவருடைய மலத்தோடு முட்டைகள் வெளியே போகும். அதைப் பன்றி தின்றால் பன்றியின் தசைக்குள் பை. மனிதர் விழுங்கினால் மனிதரின் தசையில், கண்ணில், மூளையில் பை. முட்டை மனிதரின் வாய்க்குப் போவது பன்றி இறைச்சியால் அல்ல. புழு வைத்திருக்கும் ஒருவர் சரியாகக் கழுவாத கையால் பிசைந்து கொடுக்கும் சமைக்காத சாப்பாட்டால்.

வாட்டுக்கு வெளியே சுவரில் ஒரு சுவரொட்டி இருந்தது. பன்றி இறைச்சியை நன்றாக வேகவைத்து உண்ணுங்கள். கீழே சிரிக்கிற ஒரு பன்றி. அந்த அறிவுரை பொய் இல்லை, பாதி. பன்றியே தொடாத நான், தலைக்குள் பன்றிப் புழுவை வைத்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சிரிப்பைக் கடந்து போனேன். மற்றப் பாதியை எழுத யாருக்கும் இடம் கிடைக்கவில்லை.

புழு என்று தெரிந்த அன்று பின்னேரம் நறுவிலிக்குளத்து அக்கா என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"பூச்சியாமே தங்கச்சி?"

"ஓம்."

"சயரோகமெண்டுதான் பயந்தனான். பூச்சியெண்டா எங்கட மாட்டுக்கும் வாறதுதானே." ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். "இந்தாங்கோ. தோலோட இருக்கு, என்ர கை படேல்ல."

வாங்கிச் சாப்பிட்டேன். அந்தக் கிழமையில் யாரும் எனக்குச் செய்த மிகச் சரியான சுகாதார நடவடிக்கை அது.

பிறகு பட்டியல் போட்டேன். கேள்வி ஒன்றுதான். எங்கள் வளவுக்குள் யாரோ ஒருவரின் குடலில் அந்தப் புழு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் முட்டை வெளியே வருகிறது. ஆன்ரியா ஒவ்வொரு நாளும் அந்த வளவுக்குள்தான் சாப்பிடுகிறாள். எனக்கு வந்தது ஒரு கட்டி, கையைக் கட்டுப்படுத்துகிற இடத்தில். நாலு வயதுப் பிள்ளைக்கு எங்கே வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் விழ முன்னம் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பன்றி சாப்பிடுகிறவர்கள்: அப்பா, அம்மா, மாமி. கறி வேகுமுன் ஒரு துண்டை எடுத்து உப்புப் பார்க்கிறவர்: மாமி. நான் சமைக்காமல் சாப்பிடுவது: மாமியின் தேங்காய்ச் சம்பல், கிழமைக்கு ஆறு நாள், பஸ்ஸுக்குள் வைத்து. அம்மாவின் வல்லாரைச் சம்பலும்தான். அதை எழுதினேன், ஆனால் கீழே கோடு போடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிறிஸ்மசுக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் எங்கள் ஊரில் பங்கு போடுவார்கள். பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து ஒரு பன்றியை வாங்கி, பனையடியில் வெட்டி, ஓலையில் குவியல் குவியலாகப் பிரிப்பது. பார்த்துச் சரி சொல்ல ஒரு மிருக வைத்தியரும் வருவதில்லை. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் குவியலுக்குள் வெள்ளை வெள்ளையாக மணிகள் கிடந்தன. என்னவென்று கேட்டேன். "அது கொழுப்பு முத்தடி, அதுதான் ருசி," என்றவர் மாமி. அன்றோடு நான் பன்றியை விட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பெருநாளிலும் என் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்து, "எங்கட வீட்டுக் கவர்னர் துரையின்ர பொம்பிளைக்குப் பண்டி இறங்காது" என்று சொல்லுகிறவரும் அவர்தான். அந்த முத்தும் அந்த நக்கலும் எனக்கு நினைவிருந்தன. பட்டியலில் அவற்றை எழுதவில்லை. ஆனால் அவைதான் பட்டியலை எழுதின.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, ஊர் வழக்கத்தில் பி.எச்.ஐ.யை, எனக்கு வேலையால் தெரியும். கிணற்றுத் தண்ணீர் மாதிரிகள் கொண்டு வருவார். நான் சொன்னதைக் கேட்டு அடுத்த நாளே மாமியின் அடுக்களைக்குப் போனார். மூன்று மல மாதிரிகள், மூன்று வெவ்வேறு நாட்களில். அறிக்கை வரும்வரை இடியப்பம் விற்கக்கூடாது. மூன்று என்று சொல்லிக் கொடுத்தவள் நான். புழு ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் முட்டை விடாது. ஒரு நாள் இல்லையென்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

அன்று மத்தியானமே மாமியின் அழைப்பு வந்தது.

"ஆர் சொன்னது என்ர இடியப்பத்தில பூச்சியெண்டு?"

"இடியப்பத்தில இல்லை மாமி. உங்கட குடலில இருக்கலாம் எண்டுதான்..."

"என்ர குடலிலயோ? நீ என்ர குடலுக்குள்ள எப்பயடி போய்ப் பாத்தனி?"

"அதுக்குத்தான் மாதிரி கேக்கிறம்."

"நீ பிறந்த நாள் தொட்டு உன்ர பீ கழுவினனான். இப்ப படிச்சுப்போட்டு என்ர பீயைக் கேக்கிறாய். வெக்கமில்லையோ?"

"ஆன்ரியாவுக்கு வந்தா என்ன செய்வீங்கள்?"

"குடுக்கிறன். இல்லையெண்டு வந்தா உன்ர மூஞ்சியிலதான் கொண்டுவந்து எறிவன்," என்று வைத்துவிட்டார்.

வீட்டில் எல்லோரும் மாதிரி கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கேள்வி கேட்காமல் முதலில் கொடுத்தவர் அப்பா. அவற்றைப் பார்த்தவர் பர்ஸானா அக்கா, ஆய்வுகூடத்தில் எனக்கு மூத்தவர். நான் விழுந்தபோது நாலு நிமிடத்தை மணிக்கூட்டில் பார்த்துக் கணக்கெடுத்தவரும் அவர்தான். மன்னாரிலிருந்து எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"டிலானி, உன்ர அப்பாட்ட ஒரு கச்சான் கொட்டையளவு காணும் எண்டு சொல்லு. பெரிய ஜாம் போத்தல் நிறையக் கொண்டுவந்து மேசையில வச்சிட்டு, காணுமோ பிள்ளை எண்டு கேக்கிறார்."

"இருக்கோ அக்கா?"

"போத்தல் முழுக்கப் பாக்க ஒரு வருஷம் செல்லும். பாத்த அளவுக்கு இல்லை."

மூன்று நாளும் அப்பா ஜாம் போத்தலில்தான் கொண்டுபோனார். மூன்றிலும் இல்லை. அம்மாவின் முதல் மாதிரியிலும் இல்லை.

"அம்மாட மற்ற ரெண்டும் எப்ப?" என்று பர்ஸானா அக்கா கேட்டார்.

"அம்மாவுக்குத் தேவையில்லை அக்கா. பாவம், அவ ஒரு நாள் விட்டு ஒரு நாள் இஞ்சை பஸ்ஸில அலையிறா."

"மாமிக்கு மூண்டு, அம்மாவுக்கு ஒண்டோ?"

"மாமியிலதான் சந்தேகம்."

வேறு யாருடைய வீட்டு மாதிரியாக இருந்தாலும் நான் அந்தப் பதிலை ஏற்றிருக்க மாட்டேன்.

இதற்கிடையில் மருந்து தொடங்கியது. முதலில் கண் வாட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள்ளும் ஒரு பை இருந்தால், மருந்து அதைக் கொல்லும்போது பார்வை போய்விடும். இருட்டறையில் ஒரு மணி நேரம் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். பிறகு வீக்கத்தைக் குறைக்கிற மருந்து, அதற்குப் பிறகுதான் புழுவைக் கொல்லுகிற மருந்து, பதினாலு நாளைக்கு. உயிரோடு இருக்கும்வரை புழு தன்னை மறைத்துக்கொள்ளும். சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு அதைக் கண்டு சண்டைக்குப் போகும். மூன்றாம் நாள் தலைக்குள் யாரோ உளி வைத்து அடிப்பதுபோல இருந்தது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. நாலாம் நாள் வலது கை மறுபடி ஆடியது. இந்த முறை நினைவு போகவில்லை. கை கட்டிலில் அடித்துக்கொண்டதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். நறுவிலிக்குளத்து அக்கா எழும்பி வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, தாதி வரும்வரை பிடித்திருந்தார்.

அப்பாவைப் பார்வையாளர் நேரம் தவிரப் பெண்கள் வாட்டுக்குள் விடமாட்டார்கள். வெளியே வாங்கில் இருப்பார். பகல் முழுக்க அங்கே இருந்துவிட்டு, உள்ளே வந்து, "இப்ப பரவாயில்லையோ?" என்று ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போவார்.

அம்மா வந்தால் சாப்பாடு கொண்டுவருவார். மாமியின் கை பட்ட எதையும் கொண்டுவர வேண்டாம், நீங்களே செய்யுங்கோ என்று நான்தான் கட்டளை போட்டிருந்தேன். சோறு, மீன் சொதி, வல்லாரைச் சம்பல். எனக்குக் கை நடுங்கியதால் குழைத்துத் தீத்தியதும் அவர்தான். ஆன்ரியா தேடுகிறாளோ என்று கேட்பேன். "அவள் என்ர கையால தின்னாட்டி தின்னமாட்டாள்," என்பார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. மாமியிடமிருந்து பிள்ளை தப்பி இருக்கிறாள் என்று நினைத்தேன்.

மருந்தின் ஒன்பதாம் நாள், பார்வையாளர் நேரம் தொடங்கிய உடனே மாமி வாட்டுக்குள் வந்தார். பெருநாளுக்குக் கட்டுகிற சேலை. கையில் ஒரு பை. அம்மா என் கட்டிலில் இருந்து எழும்பி, "வாங்கோ மச்சாள்," என்றார். மாமி அவரைப் பார்க்கவில்லை. பைக்குள் இருந்து மூன்று கடதாசிகளை எடுத்து என் மடியில் வைத்தார்.

"எண்ணு."

"மாமி..."

"எண்ணடி. எண்ணத்தானே படிச்சனி."

எண்ணினேன். மூன்றிலும் பர்ஸானா அக்காவின் கையெழுத்து. மூன்றிலும் முட்டை காணப்படவில்லை.

"இல்லை, இல்லை, இல்லை." மாமி வாட்டு முழுக்கக் கேட்கச் சொன்னார். "ஆண்டவரை இராயப்பர் மூண்டு தரம் மறுதலிச்ச மாதிரி என்ர பீ உன்னை மறுதலிச்சுப் போட்டுது."

ஒரு கட்டிலில் யாரோ சிரித்தார்கள். நறுவிலிக்குளத்து அக்கா போர்வையை இழுத்து வாயைப் பொத்தினார்.

"சந்தோசம் மாமி. இனி விக்கலாம்தானே," என்றேன்.

"ஆருக்கு? கடைக்காரர் பொதியைத் திருப்பி அனுப்புறாங்கள். சந்தையில என்னைக் கண்டா மூளைப்பூச்சி இடியப்பம் எண்டு ஒருத்தி சொல்லிச் சிரிக்கிறாள். பி.எச்.ஐ. பேப்பர் தருவார். பேப்பரை அவிச்சு விக்கச் சொல்லுறியோ?"

"எனக்கு வேற வழி தெரியேல்ல மாமி. ஆன்ரியாவுக்காகத்தான்..."

"என்ர பேத்தியின்ர பேரை இதுக்குள்ள இழுக்காத." குரல் முதல் தடவையாகத் தளம்பியது. "உனக்கு என்னைப் பிடிக்காது. அதைச் சொல்லியிருந்தா நான் பீ குடுக்காமலே ஒத்துக்கொண்டிருப்பன்."

போய்விட்டார். மாமி நின்ற நேரம் முழுக்க அம்மா சுவரோரம் நின்றார்.

அம்மா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். நான் பட்டியலை எடுத்து மாமியின் பெயரை வெட்டினேன்.

"அப்பாவிலயும் இல்லை, மாமியிலயும் இல்லை," என்றேன். "அப்ப எங்க?"

அம்மா எழும்பிப் போய்க் கை கழுவினார். தண்ணீர் நெடுநேரம் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தார். ஆனால் சோற்றில் கை வைக்கவில்லை.

"போன வருஷம்," என்றார், "தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னம். கக்கூசில ஒருக்காக் கண்டனான். வெள்ளையா, நாடாத்துண்டு மாதிரி. ரெண்டு துண்டு."

பட்டியலைக் கீழே வைத்தேன்.

"ஏன் சொல்லேல்ல?"

"வெக்கமாயிருந்தது. பிறகு தவக்காலம் வந்திட்டுது. நாப்பது நாளும் நான் மச்சம் தொடேல்லத்தானே. மீனும் இல்லை. பிறகு ஒண்டையும் காணேல்ல. தீனில்லாமல் செத்திட்டுது எண்டு நினைச்சன். உயிர்ப்புத் திருநாளண்டு அதுக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான்."

"அம்மா, அதுக்கு இறைச்சி வேணுமெண்டில்லை. நீங்கள் தின்னிற சோறு காணும். பயறு காணும். நீங்கள் விரதம் இருந்தா அது விரதம் இராது."

"எனக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"பி.எச்.ஐ. மாமியிட்ட போன நேரம் சொல்லியிருக்கலாமே! எத்தினை நாள்! மாமி இப்ப இதில நிண்டு கத்தேக்குள்ளயும் பேசாமல் நிண்டீங்களே!"

"என்ர சோதினையில இல்லையெண்டு நீதானே சொன்னனி." அவர் அழவில்லை. கோபமாகத்தான் சொன்னார். "நீ சொன்னதைத்தான் நம்பினனான். மச்சாளிட்ட மூண்டு தரம் கேட்டாய். என்னட்ட ஒருக்காத்தான் கேட்டாய்."

பெட்டியில் வல்லாரைச் சம்பல் இருந்தது, அவர் கையால் பிசைந்தது. மூடியைப் போட்டுக் குப்பைக்குள் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தார். அப்படிச் செய்திருக்கக் கூடாது. அவர் போன பிறகு செய்திருக்கலாம்.

அன்று பின்னேரமே வைத்தியரிடம் சொன்னேன். அம்மாவின் அடுத்த இரண்டு மாதிரிகளையும் அங்கேயே எடுத்தார்கள். இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் முட்டைகள். முதலில் அம்மாவின் தலையை ஸ்கான் செய்து, அங்கே ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு, ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தார்கள். புழு துண்டு துண்டாக வந்தது. எல்லா நாடாப்புழுவின் முட்டையும் நுணுக்குக்காட்டியில் ஒரே மாதிரித்தான். பன்றிப் புழுவா, மாட்டுப் புழுவா என்று துண்டைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு துண்டை உப்புத் தண்ணீர்ப் போத்தலில் பர்ஸானா அக்காவுக்கு அனுப்பினேன். அவர் அதை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து, மை ஏற்றி, உள்ளே கிளைவிடும் கோடுகளை எண்ணினார்.

"ஒன்பது," என்றார். "மாட்டுப் புழுவெண்டா பதினைஞ்சுக்கு மேல இருக்கும். மூண்டு தரம் எண்ணினனான். ஒருக்கா எண்ணிக் காணாது எண்டு உனக்குத் தெரியும்தானே." அவர் குத்திக் கதைக்கிறவர் இல்லை. அதனால்தான் அது குத்தியது.

அம்மா ஒன்று மட்டும் கேட்டார். "இது எங்களுக்குள்ள இருக்கட்டும் பிள்ளை. தெரிஞ்சா நான் கோயிலுக்குப் போகேலாது."

"மாமி இப்ப எப்பிடிப் போறா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பி.எச்.ஐ.க்கு எடுத்து இரண்டாவது பெயரைச் சொன்னேன். பிறகு அவரையே மாமியின் கடைக்காரர்களிடமும் போய்ச் சொல்லச் சொன்னேன். அம்மா அன்றைய பஸ்ஸில் என்னோடு கதைக்காமல் போனார். அடுத்த முறை அப்பாதான் வந்தார். கடையில் வாங்கிய பாணும் தோலோடு வாழைப்பழமும் கொண்டுவந்தார்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் மாமியின் அடுக்களை வாசலுக்குப் போனேன். மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"மாமி, நான் பிழை விட்டிட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவர் திரும்பவில்லை. "இது எத்தினையாவது மாதிரி?"

எனக்கு விளங்கவில்லை.

"ஒண்டு காணாது எண்டு நீதானே பி.எச்.ஐ.க்குப் படிப்பிச்சனி. ஒரு நாள் பாத்துச் சொல்லேலாதாம். மூண்டு வேணும். வேற வேற நாளில. உன்ர மன்னிப்பில பூச்சி இருக்கோ எண்டு நானும் பாக்கவேணுமெல்லோ."

இப்போது நிலைமை இது.

இரண்டாவது ஸ்கானில் வீக்கம் இல்லை. வளையம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு போல ஒரு சின்னப் புள்ளி. அது போகாது என்கிறார்கள். வலிப்பு மாத்திரை காலையும் மாலையும் தொடர்கிறது. ஸ்கூட்டி ஓட்டக்கூடாது, தனியாகக் கடலில் இறங்கக்கூடாது. வேலைக்குப் போகிறேன். எங்கள் வீட்டு மாதிரிகளை இனி நான் பார்ப்பதில்லை. எத்தனை எடுப்பது என்பதையும் நான் சொல்வதில்லை.

மருந்துக்குப் பிறகு எடுத்த அம்மாவின் மாதிரிகள் மூன்றிலும் முட்டை இல்லை. சவர்க்காரக் கட்டி கிணற்றடியில் ஒன்று, கழிப்பறையில் ஒன்று, அடுக்களையில் ஒன்று இருக்கிறது. சம்பல் செய்வதை நிறுத்திவிட்டார். என்னோடு தேவைக்குக் கதைக்கிறார்.

ஆன்ரியாவுக்கு இதுவரை ஒன்றுமில்லை. குழந்தை வைத்தியர் சொன்னபடி கவனித்து வருகிறோம். இந்த நோய் வெளியே தெரியப் பல வருடங்கள் செல்லலாம் என்பதால், ஒன்றுமில்லை என்பதற்கு மேல் ஒரு சொல்லையும் நான் எழுதமாட்டேன். அவள் இப்போது மாமியின் வீட்டில் கரண்டியால் சாப்பிடப் பழகுகிறாள்.

பங்கு போடுகிறவர்களிடம் வெட்டுமுன் ஒரு மிருக வைத்தியருக்குக் காட்டுங்கள் என்று பி.எச்.ஐ. போய்ச் சொன்னார். கொழுப்பு முத்துக்கும் டொக்டரோ என்று சிரித்தார்களாம். மூன்று வீட்டுக்காரர் பன்றிகளைப் பட்டிக்குள் அடைத்திருக்கிறார்கள். மற்றவை கடற்கரையில் திரிகின்றன.

மாமியின் கடைகளில் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது.

மாமியின் வாசலுக்கு இதுவரை இரண்டு தரம் போயிருக்கிறேன். இரண்டாம் தரம் அவர் கதவைச் சாத்தினார். மூன்றாவது மிச்சம்.